பெரிய கிளப்பில் ஒரு மழைக்காலம்

கல்கத்தாவில் நாளைக்குக் 'கால்' என்று பேர். நேற்றுக்கும் அதே பேர்தான். எது நேற்று, எது நாளை என்பதைப் பேச்சின் போக்கை வைத்து நாமே பிரித்துக்கொள்ள வேண்டும். இங்கே பிறந்தவர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. கடலூர் முதுநகரில் பிறந்து, காலை நம்பியே பிழைத்து வந்த எனக்குத்தான் அது விளங்கச் சில நாள் பிடித்தது. வந்து சேர்ந்த புதிதில் ஒரு காலைப் பயிற்சி முடிந்ததும் கிளப் கூடாரத்தின் முன்னால் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வேட்டியின் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடியே பேசுகிற பெரிய மனிதர். என்னை எப்போது ஆடவிடுவீர்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற பயிற்சியாளரைப் பார்த்து, "கால் தேக்கா ஜாபே" என்றார். தேக்கா என்றால் பார்ப்பது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். என் காலைப் பார்க்க வேண்டும் என்கிறார் போலிருக்கிறது என்று, அங்கேயே பூட்ஸைக் கழற்றி, சேறு பிடித்த காலுறையை உருவிப் போட்டுவிட்டு, இடது காலை அவர் முன்னால் நீட்டினேன். அவர் தேநீர்க் கோப்பையோடு பின்னால் சாய்ந்துவிட்டார். பெரியவர் எதிரே காலை நீட்டுவது அந்த ஊரிலும் மரியாதை இல்லை. சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஹைதராபாத்காரர் ஹஃபீஸ்தான் என்னைத் தள்ளி அழைத்துப் போனார். அவர் மதராசில் ஆடியவர். உடைந்த தமிழ் பேசுவார். "நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றார் பாய். உங்க கால் யாரும் கேக்கலே" என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

ஊரில் இதைப் படிப்பவர்களில் பலருக்கு, கடலூர் அந்தோணி கல்கத்தாவில் பெரிய கிளப்புக்கு ஆடினான் என்பது தெரிந்திருக்கும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் எனக்கு மாலை போட்டவர்களில் சிலரும் இதைப் படிக்கலாம். ஆடியது எப்படி என்று கேட்டால் எனக்கு நீட்டிச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் இந்த அறுபதுகளில் வேலைக்கென்றும் விளையாட்டுக்கென்றும் நம் பக்கத்திலிருந்து வடக்கே புறப்பட்டுப் போகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதுவதாக நினைத்து எழுதுகிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் சரக்குப் படகு ஓட்டியவர். கடலூரில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே கொடுத்துவிட்டு வர வேண்டும். நான் ஆற்றுமுகத்து மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தேன். பிறகு நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை அணிக்கு ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். பூட்ஸ் போட்டு ஆட அங்கேதான் பழகினேன். கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலை மைதானத்து ஓரத்தில் மாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். முறை வருவதற்காகக் காத்திருக்கும் வண்டிக்காரர்கள்தான் எங்களுக்குக் கூட்டம். பந்து வண்டிக்கு அடியில் போய்விட்டால் மாடுகளைச் சமாதானப்படுத்தி எடுத்து வர வேண்டும்.

அந்த அணியில்தான் காதர் இருந்தான். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன், எனக்கு ஒரு வயது மூத்தவன். ஆலையில் எடைமேடையில் வேலை. நான் லெஃப்ட் அவுட், அவன் இன்சைட் லெஃப்ட். மைதானத்தின் இடது ஓரக் கோட்டை ஒட்டி நான் ஓடுவேன், எனக்கு உள்பக்கத்தில் அவன். நான் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, எனக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவான். அங்கே போய்ச் சேருவது என் பொறுப்பு. எந்த முறை போடுவான், எந்த முறை மாட்டான் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டதே இல்லை. சந்தித்த முதல் வாரத்திலேயே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவன் நோன்பு இருக்கும் மாதத்தில் ஆட்டத்துக்கு முன்னால் நானும் தண்ணீர் குடிக்க மாட்டேன். யாரும் சொல்லி அல்ல. அவன் எதிரில் குடிக்கத் தோன்றாது.

நடுவில் நான் பல இடங்களுக்குப் போனேன். மதராசில் ஓர் அலுவலக அணி, பெங்களூரில் ஒரு தொழிற்சாலை அணி, கோழிக்கோட்டில் ஒரு போட்டிக்கு மட்டும் இரவல் ஆள். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் நிலைத்ததில்லை. மோசமாக ஆடினேன் என்று யாரும் சொன்னதில்லை. என்னைவிட இளையவன் ஒருவன் வருவான். நான் ஆலைக்கே திரும்பி வருவேன். காதர் எதுவும் கேட்காமல் பந்தைப் போடத் தொடங்குவான். அப்படி ஒரு முறை திரும்பி வந்திருந்த வருஷத்தில்தான் கல்கத்தாவின் பெரிய கிளப் தென்னாட்டுச் சுற்றுப்பயணம் வந்து, சிதம்பரத்தில் எங்கள் மாவட்டக் கூட்டணியோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடியது.

அன்று சிதம்பரத்துக் கீழவீதியில் சாப்பாட்டுக் கடைகளில் சோறு தீர்ந்துபோய்விட்டது என்று சொன்னார்கள். கம்மாபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் லாரி பிடித்து வந்திருந்தார்கள். மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து பார்த்தால் கோபுரத்தின் மேல்பாதி தெரியும். அந்த மூலைதான் என் மூலை. எதிரில் ரைட் பேக்காக நின்றவர் இந்தியாவுக்கு ஆடியவர். முதல் பாதியில் அவரை ஒரு முறைகூடத் தாண்ட முடியவில்லை. நான்கு கோல் வாங்கிய பிறகு, இரண்டாம் பாதியில், காதர் போட்ட ஒரு பந்து அவர் தலைக்கு மேலே போய் விழுந்தது. அவர் திரும்புவதற்குள் நான் போய்விட்டேன். கோட்டோரத்திலிருந்து நான் உள்ளே அடித்ததைக் காதரே தலையால் தள்ளிக் கோலாக்கினான். தோற்றது நாங்கள்தான். ஆனால் கூட்டம் எங்களைத்தான் தூக்கியது.

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு என்னை வரச் சொன்னார்கள். என்னை மட்டும். அடுத்த சீசனுக்கு வா என்றார் செயலாளர். காதரைப் பற்றிக் கேட்டேன். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அந்த இடத்துக்கு எங்களிடம் ஆள் இருக்கிறார் என்றார். வெளியே காதர் என் பூட்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். நான் சொல்வதற்கு முன்பே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"நீ போ மச்சான். என்னியும் கூப்ட்டிருந்தா மட்டும் ஆலையில யாரு லீவு குடுக்கப் போறான்?" என்றான்.

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கடலூர் வரும்வரை ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஊர் என்னைக் கொண்டாடி அனுப்பியது. முதுநகர் பங்குச் சாமியார் நெற்றியில் சிலுவை போட்டார். அப்பா பந்தாட்டம் பார்த்ததே இல்லை. எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பதும் அவருக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ரயில் நிலையத்தில், "கப்பலு எவ்ளோ தூரத்துல நின்னாலும் போய்ட்டு வந்துடறோம்ல? அப்டி நெனச்சிக்க" என்றார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. இது கடைசி வாய்ப்பு என்று எனக்கே தெரியும். இன்னும் இரண்டு வருஷம் போனால் யாரும் என்னை எங்கேயும் கூப்பிடப் போவதில்லை.

கல்கத்தாவில் எங்களைப் போன்ற வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு ஒரு மெஸ் இருந்தது. சந்துக்குள் இருக்கும் பழைய வீடு. சுவரில் ஈரம் பூத்திருக்கும். கடுகெண்ணெய் வாசனை முதலில் சாப்பாட்டில் இருந்தது, பிறகு தலையணையில், பிறகு என் சட்டையிலும் ஏறிக்கொண்டது. எங்கள் ஊரைப் போலவே அங்கேயும் சோறும் மீனும்தான். ஆனால் ஆற்று மீன். பழக்கமில்லாத முள் தொண்டையில் நின்று, சமையல்காரர் வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார். நான் கடலூர்க்காரன், மீனோடு பிறந்தவன் என்பதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் விழுங்கினேன். தெருவில் நான் மத்ராஜி. மதராசுக்கும் கடலூருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அங்கே யாருக்கும் சொல்லிப் பயனில்லை.

மழை வந்ததும்தான் உண்மையான சிரமம் தொடங்கியது. நான் பழகியது காய்ந்த தரையும் மணலும். அங்கே மைதானம் நடவுக்குத் தயாரான வயலைப் போலக் கிடக்கும். தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அப்படிப்பட்ட தரையில் அவர்கள் பந்தைத் தூக்கி எறிவதில்லை. காலுக்குக் கால் சின்னச் சின்னதாகக் கொடுத்துக் கொடுத்து நகர்த்துவார்கள். பார்க்க அழகாக இருக்கும். நான் மட்டும் பழக்க தோஷத்தில் முன்னால் ஓடிப் போய்க் காலி இடத்தில் தனியாக நிற்பேன். பந்து எனக்குப் பின்னால், நான் முன்பு நின்ற இடத்துக்கு வரும். பயிற்சியாளர் கையை அசைத்துத் திரும்பி வா, திரும்பி வா என்பார்.

முதலில் ஒரு சின்ன அணியோடு ஆடவிட்டார்கள். ஆரம்பத்திலேயே வழுக்கி, கோட்டுக்கு வெளியே கூட்டத்தின் காலடியில் போய் விழுந்தேன். ஒருவர் குடையின் முனையால் என்னை உள்ளே தள்ளினார். அடுத்ததாகக் கிடைத்த ஆட்டத்தில் பரவாயில்லாமல் ஆடினேன். ஒரு கோலுக்கு வழி செய்தேன். மறுநாள் பத்திரிகையில் கோல் போட்டவர் பேர் இருந்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. அந்த நாட்களில் ஆட்டத்துக்கு நடுவில் ஆள் மாற்றுவது கிடையாது. பதினோரு பேரில் இல்லை என்றால் உறுப்பினர் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். என் இடத்தில் ஆடியவர் தபன். உள்ளூர்ப் பிள்ளை, கெட்டிக்காரர். என்னிடம் எப்போதும் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆகவே அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

அந்த ஊரில் எனக்கு அந்நியமாகத் தெரியாத ஓர் இடம் ஞாயிற்றுக்கிழமைக் கோயில். பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் 'டோமினுஸ் வோபிஸ்கும்' என்றதும், முதுநகரில் என் வாய் தானாகச் சொல்லும் பதில் இங்கேயும் தானாக வரும். அர்த்தம் எங்கேயும் தெரியாது. தெரியாத அந்த மொழி ஒன்றில்தான் நானும் பக்கத்தில் நிற்கிறவர்களும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொன்னோம். வாரம் முழுக்க அதற்காகக் காத்திருப்பேன். நான் வந்த அந்தச் சீசனிலேயே, ரோமிலிருந்து வந்த மாற்றம் என்று, பூசையை வங்காளத்தில் சொல்லத் தொடங்கினார்கள். சாமியார் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்று ஏதோ சொன்னார். கோயிலே சந்தோஷமாகப் பதில் சொன்னது. தங்கள் மொழியில் முதல் முறையாகப் பேசுகிற சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. நான் வாயைத் திறந்து மூடினேன்.

பிறகு, பரம எதிரிக் கிளப்போடு ஆடும் பெரிய ஆட்டம் வந்தது. அந்த ஆட்டத்துக்கு ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். மெஸ் சமையல்காரரும் பாத்திரம் கழுவுகிறவரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்திய ஆட்டத்தில் தபனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. செயலாளர் நேரே என்னிடம் வந்து, தோளில் கை வைத்து, "கால் துமி கேல்பே" என்றார். நாளை நீ ஆடுவாய். இந்த முறை எனக்கு அர்த்தம் தெரிந்தது.

மறுநாள் கூடாரத்தில் பதினோராம் எண் ஜெர்சியைக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன். பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டி, ஜெபம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மரப்படிகளில் கூட்டம் மிதிக்கும் சத்தம் தரை வழியாக வந்தது. அப்போது தபன் நொண்டாமல் உள்ளே வந்தார். கணுக்காலில் இறுக்கமாகக் கட்டுப் போட்டிருந்தார். டாக்டரும் செயலாளரும் பயிற்சியாளரும் மூலையில் நின்று பேசினார்கள். ஹஃபீஸ் என்னைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார். செயலாளர் வந்து என் எதிரில் நின்றார். கையை மட்டும் நீட்டினார். நான் ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்தேன். உடம்புச் சூடு அதிலிருந்து போயிருக்காது. தபன் அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொள்வதற்கு முன், "சாரி, தாதா" என்றார். தாதா என்றால் அங்கே அண்ணன்.

அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. என் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். திரும்ப உள்ளே போக நினைத்தபோது வாசலில் போலீஸ்காரர் விடவில்லை. நான் ஆட்டக்காரன் என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்தார், என் நிறத்தைப் பார்த்தார், தள்ளிப் போகச் சொன்னார். மைதானத்துக்கு வெளியே கோட்டை மேட்டுச் சரிவு ஒன்று உண்டு. டிக்கெட் கிடைக்காதவர்கள் அதில் ஏறி நிற்பார்கள். நானும் ஏறினேன். நிறையப் பேர் கையில் நீளமான அட்டைக் குழாய். உள்ளே இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்து ஒட்டியிருப்பார்கள். முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, கீழே கண்ணை வைத்துப் பார்த்தால் மைதானத்தின் ஒரு துண்டு தெரியும். என் பக்கத்தில் குமாஸ்தா போன்ற நடுவயதுக்காரர் ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எம்பி எம்பிப் பார்ப்பதைக் கவனித்து இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

"மத்ராஜி?" என்று கேட்டார். தலையாட்டினேன். "ஃபுட்பால் போஜோ?"

பந்தாட்டம் புரியுமா என்று கேட்கிறார். "எக்டு எக்டு" என்றேன். கொஞ்சம் கொஞ்சம்.

அவர் குழாயை என்னிடம் கொடுத்து, இடது ஓரத்தைக் காட்டி, "எகாரோ நம்பர்" என்றார். பதினோராம் எண்ணைப் பார். கண்ணை வைத்தேன். மங்கிய கண்ணாடியில் தபன் ஓடுவது உள்ளங்கை அளவில் தெரிந்தது. கட்டுப் போட்ட காலோடு, சேற்றில், ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரையும் தாண்டினார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் போலிருக்கிறது. அவர் என் காதருகில், லெஃப்ட் அவுட் எப்படி ஆட வேண்டும் என்பதைக் கைகளால் விளக்கிக்கொண்டே இருந்தார். பாதி புரிந்தது. அவர் சொன்னது எல்லாம் சரி. குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாதி வழியில் பெரிய சத்தம் எழுந்தது. யார் கோல் போட்டார்கள் என்று தெரியவில்லை. நான் நிற்கவில்லை.

சீசன் முடிந்ததும் செயலாளர் என்னைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அடுத்த வருஷத்துக்கு வேண்டாம் என்றார். மனிதர் மோசமில்லை. துறைமுகத்தில் ஓர் அணி இருக்கிறது, கீழ்ப் பிரிவில் ஆடுகிறது, வேலையும் தருவார்கள், நான் சொல்லி வைக்கிறேன் என்றார். பொங்கல் கழிந்து வந்து சேரலாம் என்று பதில் வந்தது. அதற்குள் ஊருக்குப் போனேன்.

"அந்த ஊரு கடலு எப்டி?" என்று அப்பா கேட்டார். கடல் இல்லை, ஆறுதான். கப்பல் ஆற்றுக்குள்ளேயே வந்து கரையோடு ஒட்டி நின்றுவிடும் என்றேன். "அப்ப நம்மள மாதிரி ஆளுக்கு அங்க இன்னா வேல?" என்றார்.

காதர் சுற்றி வளைக்கவில்லை. "எத்தினி கோலு போட்ட மச்சான்?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன், நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, சிதம்பரத்தில் அடுத்த வாரம் போட்டி இருக்கிறது, ஆலை அணிக்கு வந்து ஆடு என்று மட்டும் சொன்னான்.

அதே மைதானம்தான். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் என்னைக் கல்கத்தா அந்தோணி என்றார். கை தட்டினார்கள். ஆட்டம் தொடங்கியதும், காதர் பந்தை எடுத்து நிமிர்ந்து பார்த்தான். நான் கோட்டோரத்தில் நின்றேன். பந்து என் தலைக்கு மேலே போய், எனக்கு முன்னால் காலி இடத்தில் விழுந்து, உருண்டு, வெளியே போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். காலுக்கு வரும் என்று காத்திருந்திருக்கிறேன். மறுபடியும் போட்டான், மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை நான் சுதாரித்து ஓடினேன். அந்த முறை அவன் என் காலுக்கே கொடுத்திருந்தான். கூட்டத்தில் யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தோற்றோம்.

சிதம்பரம் ரயிலடியில் கடலூர் வண்டிக்காகக் காத்திருந்தபோது காதர் தேநீர் வாங்கி வந்தான்.

"நீ ஓடுவன்னு போட்டேன்" என்றான்.

"நீ காலுக்குக் குடுப்பன்னு நின்னேன்" என்றேன்.

அவன் தேநீரைக் குடித்து முடித்தான். பிறகு, "இங்கியே இருந்துடு மச்சான். ஆலையில ஒன் எடம் காலியாத்தான் இருக்குது. ரெண்டு மாசம் சேந்து ஆடுனா எல்லாம் சரியாப்பூடும்" என்றான். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ரெண்டு மாசமும் ஒலிபெருக்கியில் நான் கல்கத்தா அந்தோணியாக இருக்க வேண்டும். கல்கத்தாவிலோ என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அங்கே தோற்றதுதான் தோற்றேன், அந்த ஊர் ஆட்டத்தையாவது அங்கேயே முழுசாகக் கற்றுக்கொள்ளலாம் என்று பட்டது. வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். "ஒன் இஷ்டம்" என்றான். வண்டி வந்ததும் என் பையை அவன்தான் தூக்கி வைத்தான்.

பொங்கல் கழிந்து கிளம்பி, மதராசில் வண்டி மாறி ஹௌரா மெயிலில் ஏறியபோது ஜன்னலோரம், வண்டி போகும் திசையைப் பார்த்த இடம் கிடைத்தது. எதிரே ஒரு தெலுங்குக் குடும்பத்தார் இருந்தார்கள். மறுநாள் வால்டேரில் வண்டி நின்றது. அங்கே என்ஜினைக் கழற்றி, பின்பக்கத்தில் கொண்டுபோய் மாட்டுவார்கள். வந்த வழியாகவே கொஞ்சம் பின்னால் போய், பிறகு வடக்கே திரும்பும். மறுபடி கிளம்பியபோது அதுவரை முன்னால் பார்த்து வந்த நான் பின்னால் பார்த்தபடி போனேன். எதிரே இருந்தவர் தலை சுற்றும் என்று சைகை காட்டி, இந்தப் பக்கம் வாருங்கள் என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். பரவாயில்லை என்று கையைக் காட்டினேன். வண்டி வேகம் எடுத்தது. வரப்போகும் ஊர்கள் எல்லாம் எனக்கு முதுகுப் பக்கத்திலிருந்து வந்தன; கடந்துபோன பிறகுதான் கண்ணில் பட்டன. தெற்கே பார்த்தபடியே கல்கத்தா போய்ச் சேர்ந்தேன்.